தேவ்லாலி ஆசிரியரின் எண்ணும் கணக்கீட்டுச் சிந்தனையும்

மகாராஷ்டிர மாநிலத்தில் நாசிக் நகரையடுத்த தேவ்லாலி என்னும் ஊரில், 1930ஆம் ஆண்டு முதல் 1962ஆம் ஆண்டு வரை பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்தவர் தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேகர். 1905ஆம் ஆண்டில் தஹாணுவில் பிறந்த இவர், புனே பெர்குசன் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றவர். அதற்கு மேற்பட்ட கணிதப் பட்டம் எதுவும் பெறாதவர். ஆராய்ச்சிச் சாலை எதிலும் இவர் பணியாற்றியதில்லை. தாளும் பென்சிலும், எண்களின் மீது அடங்காத ஆசையுமே இவருக்கு வாய்த்த சாதனங்கள். 1949ஆம் ஆண்டில் சென்னையில் கூடிய கணித மாநாட்டில், 6174 என்னும் எண்ணைப் பற்றித் தாம் கண்ட ஓர் உண்மையை இவர் வெளியிட்டார். கழித்தல் கணக்கு அறிந்த எந்த மாணாக்கரும் அதனைச் சில நிமிஷங்களில் சோதித்துப் பார்க்கலாம்.

நான்கு இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணை எடுத்துக்கொள்க. நான்கும் ஒரே இலக்கமாக இருத்தல் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. அவ்விலக்கங்களை இறங்கு வரிசையில் அமைத்தால் ஒரு பெரிய எண்ணும், ஏறு வரிசையில் அமைத்தால் ஒரு சிறிய எண்ணும் கிடைக்கும். பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும். வந்த விடையை வைத்துக்கொண்டு மீண்டும் அதையே செய்ய வேண்டும். உதாரணமாக, 3524 என்னும் எண்ணிலிருந்து தொடங்கினால், 5432இலிருந்து 2345ஐக் கழிக்க 3087 வருகிறது. அடுத்து, 8730இலிருந்து 0378ஐக் கழிக்க 8352. அதன்பின் 8532இலிருந்து 2358ஐக் கழிக்க 6174. இனி எத்தனை முறை செய்தாலும் 7641இலிருந்து 1467ஐக் கழித்து அதே 6174தான் வந்து நிற்கும். எந்த எண்ணிலிருந்து தொடங்கினாலும் ஏழு கழித்தல்களுக்குள் இந்த எண்ணை அடைந்துவிடலாம். 1004 என்னும் எண் ஏழு படிகளையும் எடுத்துக்கொள்கிறது: 4086, 8172, 7443, 3996, 6264, 4176, 6174.

கப்ரேகரின் பெயர் உலகெங்கும் பரவியது மிகவும் பிந்தியே. 1975ஆம் ஆண்டில் அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர், 'ஸயண்டிபிக் அமெரிக்கன்' பத்திரிகையில் தாம் எழுதிவந்த கணித விளையாட்டுப் பகுதியில் இவரைப் பற்றி எழுதிய பிறகே அது நிகழ்ந்தது. 1986ஆம் ஆண்டில் கப்ரேகர் காலமானார். இந்திய மாணாக்கர்களின் பாடப் புத்தகத்தில் அவருடைய எண் இடம் பெற்றது 2024ஆம் ஆண்டில். தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு அவ்வாண்டில் ஆறாம் வகுப்புக்கென வெளியிட்ட 'கணித பிரகாஷ்' என்னும் நூலில், எண் விளையாட்டுகளைப் பற்றிய மூன்றாம் அத்தியாயத்தில், இது மாய எண் என்ற பெயரோடு காட்சியளிக்கிறது.

மாயம் என்று சொல்லி வகுப்பை முடித்துவிடுவது எளிது. ஆனால் இந்த எண்ணுக்குள் கணக்கீட்டுச் சிந்தனை என்று இன்று கல்வித் துறையில் பெரிதும் பேசப்படும் பயிற்சி ஏறத்தாழ முழுமையாகவே அடங்கியிருக்கிறது. அதனை வெளிக் கொணர ஒரு கரும்பலகையும், மூன்று நான்கு பாட வேளைகளும் போதும்.

புதிய பெயர், பழைய பழக்கம்

கணக்கீட்டுச் சிந்தனை என்னும் தொடரை, குழந்தைகளுக்கென 'லோகோ' என்ற கணிப்பொறி மொழியை அமைத்தவர்களுள் ஒருவரான ஸீமோர் பேப்பர்ட், 1980ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் கையாண்டார். 2006ஆம் ஆண்டில் ஜீனெட் விங் என்னும் அமெரிக்கக் கணிப்பொறி விஞ்ஞானி எழுதிய சிறு கட்டுரை அதனைப் பல நாடுகளின் பாடத் திட்டங்களுக்குள் கொண்டு சேர்த்தது. ஒரு பிரச்சினையைச் சிறு கூறுகளாகப் பிரித்தல், அக்கூறுகளிடையே காணும் ஒழுங்கைக் கண்டறிதல், தேவையற்ற விவரங்களை விலக்கி இன்றியமையாதவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுதல், பிறர் ஐயமின்றிச் செய்யக்கூடிய படிகளாக வழிமுறையை எழுதுதல் ஆகியவை இதன் உறுப்புகள் என்பர். கணிப்பொறிக்கு வேலை கொடுப்பவர் இவ்வாறுதான் சிந்திக்க வேண்டியிருக்கிறது. எனினும் இவற்றுள் எதற்கும் கணிப்பொறி எதிரே இருந்தாக வேண்டிய கட்டாயமில்லை.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, கணிதத்துக்கும் கணக்கீட்டுச் சிந்தனைக்கும் பள்ளிப் பருவம் முழுவதிலும் கூடுதல் முக்கியத்துவம் அளிக்கப்பட வேண்டும் என்றும், புதிர்களும் விளையாட்டுகளும் அதற்குத் துணையாக வேண்டும் என்றும் கூறியது. செயற்கை நுண்ணறிவையும் கணக்கீட்டுச் சிந்தனையையும் 2026-27ஆம் கல்வியாண்டு தொட்டு மூன்றாம் வகுப்பிலிருந்தே புகட்டும் திட்டத்தை மத்திய அரசாங்கம் 2025 அக்டோபரில் அறிவித்தது. மறுபுறம், 2023-24ஆம் ஆண்டுக்கெனத் திரட்டப்பட்ட பள்ளிக் கணக்கின்படி, நாட்டிலுள்ள பள்ளிகளில் கணிப்பொறி வசதி பெற்றிருந்தவை நூற்றுக்கு 57 என்ற அளவிலேயே இருந்தன. கணிப்பொறி வந்த பிறகுதான் கணக்கீட்டுச் சிந்தனை வர முடியும் என்று கொண்டால், எஞ்சிய பள்ளிகளின் குழந்தைகள் காத்திருக்க வேண்டியதுதான்.

வேறோர் அபாயமும் உண்டு. புதிய பாடம் ஒன்று வந்தவுடன் அதற்குரிய சொற்களுக்கு இலக்கணம் எழுதச் செய்து, அதைக் கொண்டே பரீட்சை வைத்துவிடும் வழக்கம் நம் நாட்டுப் பள்ளிகளில் வேரூன்றிய ஒன்று. 'கூறுகளாகப் பிரித்தல் என்றால் என்ன?' என்ற வினாவுக்குப் பிழையின்றி விடை எழுதிய மாணவி, தன் வாழ்நாளில் ஒரு கணக்கையேனும் கூறுகளாகப் பிரித்துப் பார்க்காதவளாக இருக்கலாம். கணித வகுப்பின் வழியாக இதைக் கற்பிப்பதில் உள்ள நன்மை, அங்கே பிரிப்பதற்கு உண்மையான பொருள் ஒன்று கிடைக்கிறது என்பதே.

பூஜ்யத்தைத் தொலைத்த மாணாக்கன்

தேவ்லாலி எண்ணை வகுப்பில் அறிமுகம் செய்யும் ஆசிரியர், வழிமுறையைத் தாமே சொல்லிவிடாமல், மூன்று உதாரணங்களை மட்டும் பலகையில் செய்து காட்டிவிட்டு, விதிகளை எழுதும் வேலையை மாணாக்கரிடமே விடலாம். ஒருவர் எழுதிய விதிகளை மற்றொருவரிடம் கொடுத்து, எழுதியதை எழுதியவாறே செய்யச் சொல்ல வேண்டும். ஊகித்துச் சரி செய்துகொள்ளக் கூடாது. 'எண்ணைப் பெரிதாக எழுது' என்று ஒரு தாளில் இருந்தால், பக்கத்து மாணாக்கன் அதே எண்ணைத் தாள் நிறையப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாலும் அது குற்றமாகாது. சிரிப்புக்கிடையே, 'இலக்கங்களை இறங்கு வரிசையில் அமை' என்ற திருத்தம் வந்து சேரும்.

இப்பொழுது 1112 என்னும் எண்ணை வகுப்புக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். 2111இலிருந்து 1112ஐக் கழித்தால் 999. சில மாணாக்கர் அடுத்த படியில் 999இலிருந்து 999ஐக் கழித்து, விடை பூஜ்யம் என்று எழுதி, கப்ரேகர் சொன்னது பொய் என்று அறிவிப்பார்கள். வேறு சிலர் விடையை 0999 என்று நான்கு இலக்கமாகவே வைத்துக்கொண்டு, 9990இலிருந்து 0999ஐக் கழித்து 8991 பெற்று, பின்னர் 8082, 8532 வழியாக 6174ஐ அடைவார்கள்.

இந்த இடத்தில் சிவப்பு மையால் குறுக்குக் கோடிட்டு மேலே செல்லும் ஆசிரியர், அன்றைய பாடத்தின் சாரத்தையே கோடிட்டுவிடுகிறார். பூஜ்யம் என்று எழுதிய மாணாக்கன் கழித்தலில் தவறு செய்யவில்லை. விதிகளின்படியே அவன் நடந்தான். எப்பொழுதும் நான்கு இலக்கங்கள் இருக்க வேண்டும், குறைந்தால் முன்னால் பூஜ்யம் சேர்க்க வேண்டும் என்று விதிகளில் எவரும் எழுதியிருக்கவில்லை. கணிப்பொறிக்கு நிரல் எழுதுபவர்கள் நாள்தோறும் சந்திக்கும் பிழை இவ்வகையைச் சேர்ந்தது. கணிப்பொறி 0999ஐ ஓர் எண்ணாக ஏற்றுக்கொண்டால் முன்னுள்ள பூஜ்யத்தைப் பொருட்படுத்தாது. சென்னைக்குரிய 044, தில்லிக்குரிய 011 முதலிய தொலைபேசிக் குறியீடுகளை எண்களாகப் பதிவு செய்தால் 44, 11 என்று குறைந்து போவதும் இதனால்தான். குறியீடு வேறு, அளவு வேறு என்னும் பாகுபாட்டை ஆறாம் வகுப்பு மாணாக்கன் தன் கழித்தல் கணக்கிலேயே கண்டுகொள்கிறான்.

விதிகளில் விடுபட்டது இது ஒன்று மட்டுமன்று. 'மீண்டும் செய்' என்றால், எதுவரை? '6174 வரும் வரை' என்று பெரும்பாலோர் எழுதுவார்கள். 4444 என்னும் எண்ணைக் கொடுத்தால் 0000 வரும். அதிலிருந்து மீண்டும் 0000 வரும். விதியை நம்பியவன் மணி அடித்த பிறகும் கழித்துக்கொண்டிருப்பான். முன்பு சொன்ன நிபந்தனை எதற்காக என்பது அப்பொழுது விளங்குகிறது. இரண்டு இலக்க எண்களில் இதே விளையாட்டை ஆடினால் இன்னும் சுவையானது நிகழ்கிறது. 90இலிருந்து 09ஐக் கழிக்க 81, அதிலிருந்து 63, பிறகு 27, பிறகு 45, பிறகு 09, மீண்டும் 81. ஐந்து எண்கள் செக்கு மாடு போலச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. நிலைத்து நிற்கும் எண் ஒன்றும் இல்லை. ஆகவே நிறுத்தும் விதியை, 'முன்பு வந்த எண் ஒன்று மறுபடி வந்தால் நிறுத்து' என்று திருத்த வேண்டியதாகிறது. அவ்வாறு திருத்திய விதி, ஒரே எண்ணில் நிலைத்தாலும் சரி, சுழலில் சிக்கினாலும் சரி, தவறாமல் நின்றுவிடும்.

எல்லா எண்களுக்கும் உண்மையா?

ஒரு வகுப்பு முழுதும் ஆளுக்கு இரண்டு மூன்று எண்களைச் சோதித்து, அனைத்தும் 6174இல் முடிந்ததைக் கண்ட பிறகு, 'ஆகவே இது எல்லா எண்களுக்கும் உண்மை' என்று முடிவு கட்டும் ஆவல் எழுவது இயல்பு. நூறு எண்கள் ஒத்துவந்தன என்பதால் நூற்றோராவது ஒத்துவரும் என்பதற்கு என்ன உறுதி? 1000 முதல் 9999 வரை 9,000 எண்கள் உள்ளன. ஒரே இலக்கத்தாலான ஒன்பதை நீக்கினால் 8,991. ஓர் எண்ணுக்கு இரண்டு நிமிஷம் என்று வைத்துக்கொண்டாலும், ஒருவர் செய்து முடிக்க ஏறக்குறைய 300 மணி நேரம் ஆகும். கணிப்பொறி இதனைக் கண் இமைக்கும் நேரத்தில் முடித்து, 'ஆம்' என்று சொல்லிவிடும். ஏன் என்று மட்டும் சொல்லாது.

இங்கேதான் இயற்கணிதம் துணைக்கு வருகிறது. இலக்கங்களை இறங்கு வரிசையில் அ, ஆ, இ, ஈ என்று கொள்வோம். பெரிய எண்ணில் அ ஆயிரத்தின் இடத்திலும், சிறிய எண்ணில் அதே அ ஒன்றின் இடத்திலும் இருக்கின்றது. ஈ இதற்கு நேர்மாறானது. ஆகவே இவ்விரண்டும் சேர்ந்து வித்தியாசத்துக்கு அளிப்பது 999 பெருக்கல் (அ − ஈ). அவ்வாறே நடுவிலுள்ள ஆ, இ ஆகிய இரண்டும் நூறின் இடத்தையும் பத்தின் இடத்தையும் மாற்றிக்கொள்வதால், அவை அளிப்பது 90 பெருக்கல் (ஆ − இ). கழித்தலின் விடை இவ்விரண்டின் கூட்டுத்தொகையே. 5432ஐ எடுத்துக்கொண்டால், வெளி இலக்கங்களின் வித்தியாசம் 3, உள் இலக்கங்களின் வித்தியாசம் 1. விடை 2997 கூட்டல் 90, அதாவது 3087.

இதன் பொருளைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். விடையைத் தீர்மானிப்பவை நான்கு இலக்கங்கள் அல்ல. வெளி வித்தியாசம், உள் வித்தியாசம் என்னும் இரண்டே எண்கள். 5432ஆனாலும், 8765ஆனாலும், 9876ஆனாலும் வெளி வித்தியாசம் 3, உள் வித்தியாசம் 1. ஆகவே மூன்றுக்கும் விடை 3087தான். வெளி வித்தியாசம் 1 முதல் 9 வரை இருக்கலாம். உள் வித்தியாசம் பூஜ்யத்திலிருந்து தொடங்கி, வெளி வித்தியாசத்துக்கு மேற்படாமல் இருக்கும். வெளி வித்தியாசம் 1 ஆனால் உள்ளே இரண்டு வாய்ப்புகள். 2 ஆனால் மூன்று. இப்படியே சென்று 9 ஆனால் பத்து. 2 முதல் 10 வரை கூட்டினால் 54. எந்த எண்ணில் தொடங்கினாலும் முதல் கழித்தலுக்குப் பின் இந்த 54 விடைகளுள் ஒன்றே வர முடியும். 8,991 எண்களைக் கொண்ட பிரச்சினை, 54 எண்களுக்குள் அடங்கிவிட்டது.

இது பொறியின் வேகத்தால் கிடைத்த குறைப்பன்று; எதைக் கவனிக்க வேண்டாம் என்று கண்டதால் கிடைத்தது. தேவையற்ற விவரத்தை விலக்குதல் என்று பாடத் திட்டங்கள் கூறுவதன் முழுப் பொருளும் இதுதான். 300 மணி நேரம் ஒரு பாட வேளையாகச் சுருங்குவதைத் தன் கண்ணால் கண்ட குழந்தைக்கு அச்சொல்லின் இலக்கணத்தைத் தனியே மனப்பாடம் செய்விக்கத் தேவையில்லை.

54 பேர் கொண்ட கணிப்பொறி

ஒரு வகுப்பில் 54 மாணாக்கர் இருப்பது நம் நாட்டில் அபூர்வமன்று. பிற வேளைகளில் ஆசிரியருக்குப் பெருஞ்சுமையாக இருக்கும் இந்த எண்ணிக்கை, இந்த ஒரு பாடத்தில் மட்டும் அனுகூலமாகிவிடுகிறது. கரும்பலகையில் ஒன்பது வரிசைகள் கொண்ட படிக்கட்டு ஒன்றை வரைய வேண்டும். முதல் வரிசையில் இரண்டு கட்டங்கள், இரண்டாவதில் மூன்று, ஒன்பதாவதில் பத்து. ஒவ்வொரு மாணாக்கருக்கும் ஒரு கட்டம். 27 பேர் இருந்தால் ஆளுக்கு இரண்டு. பல வகுப்புகள் ஒரே அறையில் அமரும் சிற்றூர்ப் பள்ளியில் 18 பேர் இருந்தால் ஆளுக்கு மூன்று.

முதலில் அவரவர் கட்டத்துக்குரிய விடையைக் கணக்கிட்டு எழுத வேண்டும். முதல் வரிசையில் 0999, 1089. ஆறாம் வரிசை 5994, 6084, 6174 என்று தொடங்கும். வலப்புறம் ஒரு கட்டம் நகர்ந்தால் 90 கூடுகிறது. கீழே ஒரு கட்டம் இறங்கினால் 999 கூடுகிறது. இதனால் அடுத்த கட்டத்தின் விடையோடு ஒத்துப்பார்த்து, தன் தவறைத் தானே திருத்திக்கொள்ள முடிகிறது. மற்றொரு சோதனையும் உண்டு. 999, 90 ஆகிய இரண்டும் ஒன்பதால் வகுபடுபவை. ஆகையால் எல்லா விடைகளும் ஒன்பதால் வகுபடும். விடையின் இலக்கங்களைக் கூட்டினால் 9இன் மடங்காகவே இருக்க வேண்டும். 3087இன் இலக்கங்களைக் கூட்டினால் 18. இருப்பினும், இலக்கங்களை இடம் மாற்றி எழுதிய தவறை இந்தச் சோதனை காட்டிக் கொடாது. எந்தச் சோதனை எந்தப் பிழையைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்பதும் கற்க வேண்டியதே.

அடுத்த வேலை, அம்புக்குறி இடுதல். ஒவ்வொரு மாணாக்கரும் தம் விடையின் இலக்கங்களை வரிசைப்படுத்தி, அதன் வெளி வித்தியாசத்தையும் உள் வித்தியாசத்தையும் கண்டு, தம் கட்டத்திலிருந்து அக்கட்டத்துக்கு ஓர் அம்பு வரைய வேண்டும். 3087ஐ வரிசைப்படுத்தினால் 8730. வெளியே 8, உள்ளே 4. ஆகவே அம்பு எட்டாம் வரிசையில் 8352 உள்ள கட்டத்துக்குச் செல்கிறது. அங்கிருந்து 8532, வெளியே 6, உள்ளே 2, அம்பு 6174 உள்ள கட்டத்துக்குச் செல்கிறது. 6174இன் அம்போ, தன்னையே சுற்றி வந்து தன்னிடமே முடிகிறது. முதல் கட்டமான 0999இலிருந்து 8991, 8082, 8532 என்று நீண்டதொரு பாதை ஓடி அங்கேயே சேர்கிறது. 1089இலிருந்து 9621, 8352 வழியாக வேறொரு பாதை.

54 அம்புகளும் இடப்பட்ட பின், மலைச் சாரலில் தோன்றும் ஓடைகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே ஏரியில் விழுவது போன்ற படம் பலகையில் எழும். அம்புகளைப் பின்பற்றிச் சென்றால் 6174 உள்ள கட்டத்தைச் சேராத கட்டம் ஒன்றும் இல்லை; மிகத் தொலைவிலுள்ள கட்டமும் ஆறு அம்புகளுக்கு அப்பால் இல்லை. கட்டத்துக்குள் கொண்டுவந்த முதல் கழித்தலையும் சேர்த்தால் ஏழு. இனி இதனைச் சந்தேகிப்பதற்கு இடமில்லை. வகுப்பிலுள்ள ஒவ்வொருவரும் ஐம்பத்து நான்கில் ஒரு பங்கைச் செய்து, ஒருவரும் தனியே செய்திருக்க முடியாத ஒரு நிரூபணத்தை முடித்திருக்கிறார்கள். ஒருவருடைய அம்பு தவறினாலும் நிரூபணம் முழுவதும் ஐயத்துக்கு உள்ளாகும் என்பதால், பக்கத்திலிருப்பவரின் கணக்கைச் சரிபார்ப்பது அங்கே காப்பியடித்தல் ஆகாது.

இளைய வகுப்புகளுக்கு மூன்று இலக்க எண்களே போதும். அங்கே நடு இலக்கம் கழித்தலில் மறைந்துவிடுவதால், விடை 99 பெருக்கல் வெளி வித்தியாசம், ஒன்பதே கட்டங்கள். 099இலிருந்து 891, 792, 693, 594 என்று ஒரே கோடாகச் சென்று 495இல் நிற்கும். நான்காம் வகுப்புக் குழந்தைகளும் இதனை அரை மணியில் முடித்துவிடலாம்.

பொறி எங்கே வரலாம்?

பலகையில் வேலை முடிந்த பிறகு கணிப்பொறி இருக்குமாயின் அதனைப் பயன்படுத்துவதில் தவறில்லை, பயனும் உண்டு. வகுப்பு எழுதிய விதிகளை நிரலாக மாற்றினால், பத்து வரிகளுக்குள் அடங்கும். அந்நிரல் 9,000 எண்களையும் சோதித்து, எத்தனை எண்கள் எத்தனை படிகளில் முடிகின்றன என்று பட்டியலிட்டுத் தரும். பலகையில் கண்ட முடிவோடு ஒப்பிட அது உதவும். முன்னால் நிற்கும் பூஜ்யத்தை நிரலில் எவ்வாறு காப்பாற்றுவது என்ற கேள்வி அங்கே மறுபடியும் தலைகாட்டும். ஆனால் மாணாக்கர் அதனை முன்பே சந்தித்தவர்கள்.

அதே பாடப் புத்தகத்தின் அதே அத்தியாயத்தில், ஜெர்மானிய கணித அறிஞர் லோதர் கொலாட்ஸின் பெயரால் வழங்கும் விளையாட்டும் இடம் பெற்றிருப்பது நல்ல பொருத்தம். எண் இரட்டைப்படையானால் பாதியாக்கு, ஒற்றைப்படையானால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு, மீண்டும் செய். எங்கு தொடங்கினாலும் இறுதியில் 1 வரும் என்பது கொலாட்ஸின் ஊகம். 27 என்னும் சிறிய எண் 9,232 வரை உயர்ந்து, 111 படிகளுக்குப் பின்னரே 1ஐ அடைகிறது. 2020ஆம் ஆண்டிலேயே, 2இன் 68ஆம் அடுக்கு வரையுள்ள எண்கள் யாவும் கணிப்பொறிகளால் சோதிக்கப்பட்டுவிட்டன, ஒன்றும் தவறவில்லை. எனினும் ஊகம் ஊகமாகவே நிற்கிறது. எண்களுக்கு முடிவில்லை, அவற்றை 54 கட்டங்களைப் போன்ற ஒரு சிறு கூட்டுக்குள் அடைக்கும் வழியை எவரும் கண்டிலர். தேவ்லாலி எண்ணைப் பலகையில் முடித்த வகுப்புக்கு, உலகின் அத்தனை கணிப்பொறிகளும் சேர்ந்தும் கொலாட்ஸின் ஊகத்தை ஏன் முடிக்க இயலவில்லை என்பது விளங்கும். நிரல் எழுத மட்டும் பழகிய வகுப்புக்கு இரண்டும் ஒன்று போலவே தோன்றும். இரண்டிலும் திரையில் 'ஆம்' என்றுதான் வருகிறது.

இத்தகைய இலக்க விளையாட்டுகளைக் கணித அறிஞர்கள் பலர் பெரிதாக மதித்ததில்லை. இராமானுஜனை உலகுக்கு அறிமுகம் செய்த ஹார்டி, 1940ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில், இலக்கங்களைத் திருப்பி எழுதுவதில் தோன்றும் வியப்புகளை உதாரணமாகக் காட்டி, இவை புதிர்ப் பகுதிக்கு ஏற்றவையேயன்றி, கணித அறிஞரைக் கவரத்தக்கவை அல்ல என்று ஒதுக்கினார். கப்ரேகருக்கும் அவர் காலத்து இந்தியக் கணித உலகில் இத்தகைய அலட்சியமே பெரும்பாலும் கிடைத்தது. பத்தின் அடிமானத்தில் எண்களை எழுதும் வழக்கத்தைச் சார்ந்தே 6174 தோன்றுகிறது. அடிமானம் மாறினால் இந்த எண்ணும் இராது. ஆராய்ச்சியாளர் நோக்கில் ஹார்டியின் கருத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் பள்ளிக் குழந்தைக்கு இடமதிப்பே ஒரு பெரிய உலகம். அவ்வுலகின் ஒரு மூலையை அடியோடு ஆராய்ந்து முடித்துவிட முடிகிறது என்பது அதற்குச் சிறிய அநுபவமன்று. முப்பத்திரண்டு ஆண்டுகள் குழந்தைகளோடு கழித்த ஆசிரியர் ஒருவர் இவற்றில் ஈடுபட்டதில் வியப்பில்லை.

இத்தகைய பாடத்துக்கு நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. பாடத் திட்டத்தை முடிக்க வேண்டிய தேதி சுவரில் தொங்குகிறது. பரீட்சைத் தாளில் படிக்கட்டும் அம்புகளும் வருவதில்லை. ஆயினும் மூன்று நாட்களில் நடைபெறும் வேலைகளைக் கூர்ந்து நோக்கினால், கடன் வாங்கிக் கழித்தல், இடமதிப்பு, ஏறு வரிசை இறங்கு வரிசை, ஒன்பதால் வகுபடும் தன்மை, எழுத்துகளை எண்களாகக் கொள்ளும் இயற்கணிதத்தின் தொடக்கம் ஆகிய அனைத்தும் அங்கே பயிற்சி பெறுகின்றன. வழக்கமான முறையில் ஐம்பது கழித்தல் கணக்குகளை வீட்டுப் பாடமாகக் கொடுத்தாலும் அதே ஐம்பது கழித்தல்கள்தான். அவற்றின் விடைகள் ஒன்றோடொன்று தொடர்பின்றிக் கிடக்கும் என்பதே வேறுபாடு. ஆசிரியருக்குத் தேவைப்படுவது நேரத்தைக் காட்டிலும், விடை தெரியாத வினாவோடு வகுப்புக்குள் நுழையும் துணிவு எனலாம். பயிற்சிக் கல்லூரிகள் இதற்கு வகை செய்ய வேண்டும்; செய்முறை வகுப்பாக அங்கேயே ஒரு முறை 54 கட்டங்களை நிரப்பிய ஆசிரியர், பள்ளியில் அதைச் செய்யத் தயங்கமாட்டார்.

நான்கு இலக்கங்களை முடித்த வகுப்பில் எவரேனும் ஒருவர், ஐந்து இலக்கங்களுக்கு என்ன ஆகும் என்று கேட்பது உறுதி. அங்கும் நடு இலக்கம் மறைந்துவிடுகிறது. விடை, 9,999 பெருக்கல் வெளி வித்தியாசம், கூட்டல் 990 பெருக்கல் உள் வித்தியாசம். ஆகவே கட்டங்கள் மீண்டும் 54தான். பழைய படிக்கட்டை அழிக்க வேண்டியதில்லை, உள்ளே உள்ள எண்களை மாற்றினால் போதும். ஆனால் இம்முறை அம்புகள் ஒரே ஏரியில் சென்று விழுவதில்லை. 53955, 59994 ஆகிய இரண்டும் ஒன்றையொன்று துரத்துகின்றன. 61974, 82962, 75933, 63954 ஆகிய நான்கும் ஒரு வட்டமாகச் சுற்றுகின்றன. 62964, 71973, 83952, 74943 ஆகிய நான்கும் மற்றொரு வட்டம். எந்தக் கட்டம் எந்த வட்டத்தைச் சேர்கிறது என்பதைக் கண்டு, மூன்று வண்ணச் சுண்ணக்கட்டிகளால் தீட்டும் வேலை அடுத்த பாட வேளைக்கு உரியது.